புண்ணுக்கும் கத்திக்கும் நடுவே எத்தனை நாள்?

கன்னத்தின் உட்புறம் ஒரு புண். உடம்புச் சூடு என்று வீட்டில் சொல்கிறார்கள். மணத்தக்காளிக் கீரையும் மோரும் கொடுக்கிறார்கள். ஆறவில்லை. மருந்துக்கடையில் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவிக்கொள்ள ஒரு களிம்பும் கிடைக்கின்றன. ஒரு மாதம் போகிறது. பக்கத்துப் பல் ஆடத் தொடங்கியதும் அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். பிடுங்கிய குழி மூடுவதில்லை. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்படும்போதுதான் புத்தூர் பெரியாஸ்பத்திரியின் நினைவு வருகிறது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பலரின் கதை ஏறக்குறைய இதுதான். புண் தோன்றியதற்கும் கட்டி வந்ததற்கும் நடுவில் தொலைந்த மாதங்களுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. அந்தக் கணக்கை மாவட்ட நிர்வாகம் வைக்க வேண்டும், வெளியிடவும் வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

புற்றுநோய்களில் வாயில் வருவதைப் போல எளிதில் கண்ணுக்குத் தெரிபவை சிலவே. ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒரு டார்ச் விளக்கும் பார்க்கத் தெரிந்த ஒருவரும் போதும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த படலம், மூன்று விரலை நெட்டாக வைக்க முடியாதபடி இறுகிப்போன வாய் ஆகியவைதான் அடையாளங்கள். முதல் நிலையில் வந்தால் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள். கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவிய பிறகு வந்தால் அந்த வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்குகிறது. நம் நாட்டில் பத்தில் ஆறேழு பேர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள். 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.4 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

இந்த நோயோடு திருச்சிக்கு ஒரு பழைய உறவு உண்டு. உறையூரில் சுற்றப்பட்ட சுருட்டு கடல் தாண்டிப் போனது. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலை வைத்துத் துப்பறிவாளர் சொல்லிவிடுவார். ஊர்ப் பெருமை பேசும்போது நாம் தவறாமல் எடுத்துவிடும் தகவல் இது. சுருட்டுத் தொழில் சுருங்கிவிட்டது; புகையிலை சுருங்கவில்லை. 2013-இல் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாடு தடை விதித்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ய, அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தடை நீடிக்கிறது, ஹான்ஸும் கூல் லிப்பும் கேட்கிற விதத்தில் கேட்டால் கிடைக்கின்றன.

வெற்றிலையைப் பற்றியும் ஒரு சொல். காவிரிக் கரைக் கொடிக்கால்களையும் ஸ்ரீரங்கத்துத் தாம்பூலத் தட்டையும் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை; இங்கே குற்றம் இலையுடையதல்ல. ஆனால் பாக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ‘புகையிலை போடுவதில்லை, சீவல் மட்டும்தான்’ என்று நிம்மதியாக இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இந்தச் செய்தியை இதுவரை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

சிகிச்சை என்ன ஆகிறது? பணம் இல்லாததால்தான் நோயாளி சாகிறார் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அது பாதி உண்மை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அறுவை, கதிர்வீச்சு, கீமோ எல்லாம் அதில் அடங்கும். மருத்துவ அறிவும் இந்த மண்ணிலேயே விளைந்திருக்கிறது. நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போதே வாய்க் கட்டியோடு கழுத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிடுவதா, கட்டி வந்தபின் எடுப்பதா என்று உலகம் பல்லாண்டு வாதிட்ட கேள்விக்கு 2015-இல் விடை சொன்னது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. முதலிலேயே எடுத்தவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டு தாண்டினர். காத்திருந்து எடுத்தவர்களில் 67.5 விழுக்காடு. புது மருந்தோ புது இயந்திரமோ இல்லை. அறுவை மேசையில் கூடுதலாகக் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

உயிர் போவது சிகிச்சையின் படிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளில். சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று உறவினர் ஒருவர் சொல்வார். இரண்டு மாதம் நாட்டு மருந்தில் கழியும். முடிவு வந்தபின் அறுவைக்கு வரிசை. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. ‘கரண்ட் வைக்கிறது’ என்று வார்டில் சொல்லப்படும் அந்தச் சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் தொடரும். நடுவில் விட்டுவிட்டால், மிச்சமிருக்கும் புற்றணுக்கள் அந்த நாட்களில் பெருகிக்கொள்கின்றன. வாய் வெந்து, உப்பில்லாத கஞ்சிகூட எரியும் அந்த நாட்களில் தினமும் துறையூரிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ பேருந்தில் வந்துபோகும் கூலித் தொழிலாளி மூன்றாம் வாரம் நின்றுவிட்டால், ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதுவது நியாயமா? காப்பீடு இயந்திரத்துக்குப் பணம் கட்டுகிறது. அவரது கூலிக்கும், துணைக்கு வரும் மனைவியின் கூலிக்கும், தங்குமிடத்துக்கும் கட்டுவதில்லை.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் சாவு குறையும் என்பதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டாம். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில் 35 வயதைத் தாண்டிய ஏறக்குறைய 1.9 லட்சம் பேர் இடம்பெற்றனர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. அதைப் படித்து உலகமே வியந்தது. நாம் 2016-இல்தான் முப்பது வயதைத் தாண்டிய அனைவருக்கும் பரிசோதனை என்று நாடு தழுவிய நெறிமுறை எழுதினோம். அதற்குப் பின் வந்த தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) என்ன சொன்னது? 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 0.9 விழுக்காடும் ஆண்களில் 1.2 விழுக்காடும்தான் எப்போதாவது ஒருமுறை வாயைக் காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாடு 2023-இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீட்டு வாசலுக்கே போகும் பரிசோதனையைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் பகலில் வீட்டுக்குப் போனால் அகப்படுவது பெண்கள். நள்ளிரவில் காந்தி மார்க்கெட்டில் லாரி இறக்கும் சுமைப்பணித் தொழிலாளி எப்படி அகப்படுவார்? தூக்கத்தை விரட்டப் புகையிலையை அடக்கிக்கொள்கிறவர் அவர்தானே. முகாம் அங்கே, அந்த நேரத்தில் நடக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியாக ஆராயும் வழக்கத்தைத் தமிழ்நாடு 1990-களிலேயே தொடங்கியது. எங்கே வலி கண்டது, எப்போது வண்டி வந்தது, எந்த மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் போனது, ரத்தம் இருந்ததா என்று கேட்கிறார்கள். 2018-20 கணக்கில் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54 தாய்மார் மரணம் என்ற நிலைக்கு மாநிலம் வந்ததற்கு அந்தக் கேள்விகளும் ஒரு காரணம். வாய்ப் புற்றுநோயில் இறப்பவருக்கு அதே கேள்விகளை ஏன் கேட்கக்கூடாது? முதல் புண்ணை முதலில் பார்த்தவர் யார், எந்த நாளில்? சதைப் பரிசோதனை முடிவு எத்தனை நாளில் வந்தது? அறுவை என்று? கதிர்வீச்சு எந்த வாரம் தொடங்கி எந்த வாரம் நின்றது? அடையாறு புற்றுநோய் நிலையம் அரசோடு சேர்ந்து நடத்தும் மாநிலப் பதிவேடு 2012 முதல் இருக்கிறது. நோய் எத்தனை பேருக்கு வந்தது என்று அது சொல்லும். ஒருவர் எந்த வாசலில் எத்தனை நாள் நின்றார் என்று கேட்க வேண்டியது மாவட்டம்தான்.

இதற்கு மறுப்புகள் வரும்; அவற்றில் வலுவானது ஒன்று. இந்தக் கணக்கை வெளியிட்டால், முற்றிய நோயாளியை ஏற்க மருத்துவமனைகள் தயங்கும் என்பார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் மருத்துவமனைக்கு மருத்துவமனை தரவரிசை வேண்டாம், மாவட்டத்துக்கு ஒரே கணக்கு போதும் என்கிறோம். வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர்களின் தலையில் இன்னொரு சுமையா என்பது அடுத்த மறுப்பு. சொற்ப ஊக்கத்தொகைக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்களிடம் வாயையும் பார்க்கச் சொல்வதானால் தொகையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். இதில் பேரம் கூடாது. கண்டுபிடிக்கப்படுபவர்களை யார் சோதிப்பது என்ற கேள்விக்கு விடையாக ஊரெங்கும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் 2023-இல் திறந்த அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆறாத குழியோடு வருபவரை, பல் மருத்துவரின் ஒரு சீட்டே அதே வாரத்தில் புத்தூருக்கு அனுப்பி வரிசையில் முன்னால் நிறுத்த வேண்டும். கதிர்வீச்சு நாட்களில் நாளொன்றுக்கு ஒரு கூலித் தொகையும் நோயாளிக்குத் தரப்பட வேண்டும். காசநோயாளிக்கு மாதந்தோறும் ஊட்டச்சத்துத் தொகை வங்கிக் கணக்கில் போடத் தெரிந்த அரசுக்கு இது புதிய வித்தையல்ல.

இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனை, தில்லைநகரின் தனியார் மருத்துவர்கள், பல் மருத்துவர்கள் ஆகியோரை ஒரே மேசையில் உட்கார வைக்க மாவட்ட ஆட்சியரால் முடியும். முதல் கூட்டத்துக்கு வரும்போது கடந்த ஓராண்டில் வாய்ப் புற்றுநோயில் இறந்தவர்களின் கோப்புகளை எடுத்துவரச் சொல்லட்டும். முதல் புண்ணின் தேதியிலிருந்து படிக்கத் தொடங்கட்டும்.