தொட்டால்தான் உயிர்!

"தொடாதே, தீட்டு!" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட சமுதாயம் இது. அந்தத் தீட்டு இன்றும் உயிர் குடிக்கிறது, தோழர்களே! நடுவீதியில் ஒருவர் சாய்கிறார். நாலு பேர் கூடுகிறார்கள், நாற்பது பேர் பார்க்கிறார்கள், தொட ஒருவரும் இல்லை! யாரோ, எந்தச் சாதியோ, நமக்கேன் வம்பு என்ற நினைப்பு!

ஆண்டிமடம் கடைவீதியிலே முந்திரி மூட்டை தூக்கும் தொழிலாளி அப்படிச் சாய்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை. மூச்சில்லை, அல்லது வாய் பிளந்து விட்டுவிட்டு இழுக்கிறது. அந்த இழுப்பு மூச்சாகாது! இதயம் நின்றதென்றே கொள்ளவேண்டும். சோடா தெளிப்பதும், கையில் இரும்பைத் திணிப்பதும், காத்துக் கறுப்பு என்று பூசாரியைத் தேடுவதும் அவரை மீட்கா.

2008இல் கலைஞர் ஆட்சியிலே தமிழகத்துக்கு வந்த 108 ஊர்தி ஓடிவரும். வந்து சேரும்வரை? மார்பை அழுத்த ஆளின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு பறிபோகிறது. 2022இல் அரியலூருக்கு மருத்துவக் கல்லூரி வந்தது, மகிழ்ச்சி! அதன் வாசல்வரை அந்த உயிரைத் தாங்கவேண்டியவர் யார்? வீதியில் நிற்கும் நீங்கள்!

பட்டம் வேண்டாம், பயிற்சி இல்லையே என்ற தயக்கமும் வேண்டாம். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றவர், விழுந்தவரைக் கெட்டித் தரையில் மல்லாக்கக் கிடத்தி, மார்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மறுகையை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்தட்டும். ஆழம் இரண்டு அங்குலம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் மார்பு மீண்டும் எழவேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாதா? ஊதவேண்டாம், அழுத்தினால் போதும். கை ஓய்ந்தால் அடுத்த தோழர்! பெண்ணாயிற்றே என்று கூசாதீர். விலா முறியுமோ என்று அஞ்சாதீர். முறிந்த எலும்பு கூடும். போன உயிர் கூடுமா?

டென்மார்க்கைப் பாருங்கள். 2005இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே இதயம் நின்று விழுந்தோரில், 2001இல் நூற்றுக்கு 21 பேருக்கே பக்கத்திலிருந்தோர் கைகொடுத்தனர்; 2010இல் 45 பேருக்கு. ஒரு மாதம் கடந்தும் உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 3.5இலிருந்து 10.8 ஆயினர். அது கடவுள் கருணையன்று, கற்ற கைகளின் வெற்றி!

நமக்கென்ன குறை? ஊர்தோறும் மன்றம் உண்டு, படிப்பகம் உண்டு. மாதம் ஒரு மாலை, மருத்துவரையோ செவிலியரையோ அழைத்துப் பழகுவோம். பள்ளிகளில் கட்டாயமாக்கக் கேட்போம். தீட்டை ஒழிக்க உயர்ந்த கைகள், உயிரைக் காக்கவும் தாழட்டும்!