இரண்டாவது அளவு எதற்கு?

போன மாதம் படிவம் நான்கு மாணவர்களின் செய்முறை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஐந்து கரைசல்களின் பிஎச் மதிப்பை அளக்கும் எளிய சோதனை. ஒவ்வொரு கரைசலையும் மூன்று முறை அளக்க வேண்டும். ஓர் ஏட்டில் மூன்று அளவுகளும் எல்லாக் கரைசலுக்கும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. அந்த மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"முதல் தடவைதான் சார் அளந்தேன். மத்த ரெண்டும் அதேதானே வரும்?" என்றான்.

மறைக்காமல் சொன்னானே என்று நான் திட்டவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது. அவனிடம் ஜப்பானில் வெடித்த ஒரு குழாயின் கதையைச் சொன்னேன். உங்களில் பலருக்கும் அதே சந்தேகம் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

மிஹாமாவில் நடந்தது

ஜப்பானின் ஃபுகுய் மாநிலத்தில் கடலோரமாக மிஹாமா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள அணுமின் நிலையத்தின் மூன்றாவது உலை 1976 டிசம்பரில் வணிகரீதியான மின் உற்பத்தியைத் தொடங்கியது. 2004 ஆகஸ்ட் 9ஆம் தேதி பிற்பகல், டர்பைன் கட்டடத்தில் தொழிலாளர்கள் வேலையில் இருந்தார்கள். சில நாள்களில் உலையை நிறுத்திப் பராமரிப்பு செய்வதாகத் திட்டம்; அதற்கான ஆயத்த வேலை அது. அப்போது தலைக்கு மேலே சென்ற ஒரு தண்ணீர்க் குழாய் திடீரெனப் பிளந்தது. ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில், அழுத்தத்தில் அடைபட்டிருந்த நீர் வெளியே பாய்ந்த அக்கணமே கொதித்து ஆவியாகிக் கட்டடத்தை நிரப்பியது. ஐந்து பேர் இறந்தார்கள். ஆறு பேர் காயமடைந்தார்கள்.

இந்த விபத்தில் கதிரியக்கம் கசியவில்லை. அவர்களைக் கொன்றது வெறும் சுடுநீரும் நீராவியும்தான்.

அணுமின் நிலையத்தில் அணுவோடு தொடர்பில்லாத விபத்தா என்று நீங்கள் கேட்கலாம். மிஹாமாவில் இருப்பது அழுத்தநீர் உலை. இவ்வகை நிலையத்தில் நீர் மூன்று தனித்தனிச் சுற்றுகளில் ஓடுகிறது. முதல் சுற்றின் நீர் அணு எரிபொருளைத் தொட்டு வெப்பத்தை எடுத்து வருகிறது. அந்த வெப்பம் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களின் சுவர் வழியாக இரண்டாவது சுற்றின் நீருக்குப் போகிறது. இரண்டாவது சுற்றின் நீர்தான் ஆவியாகி, டர்பைனைச் சுழற்றி, குளிர்ந்து, மறுபடியும் நீராகத் திரும்பி வருகிறது. ஆவியைக் குளிர வைப்பது மூன்றாவது சுற்றில் வரும் கடல்நீர். மிஹாமாவில் பிளந்தது இரண்டாவது சுற்றின் குழாய். ஒரு செம்பனை ஆலையின் கொதிகலனில் ஓடும் நீருக்கும் அந்த நீருக்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இரும்பின் கறுப்புச் சட்டை

அந்தக் குழாய் சாதாரணக் கரிம எஃகால் ஆனது. இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் துருப்பிடிக்கும் என்று படித்திருக்கிறோம். அப்படியிருந்தும் கொதிகலன்கள் பல ஆண்டுகள் உழைக்கின்றனவே, எப்படி?

சூடான, ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரில் இரும்பு செந்நிறத் துருவாக மாறுவதில்லை. அதன் மேற்பரப்பில் மேக்னடைட் என்ற கறுப்பு நிற இரும்பு ஆக்சைடு மெல்லிய படலமாகப் படிகிறது. இந்தப் படலமே உள்ளிருக்கும் உலோகத்துக்குச் சட்டைபோல் காவலாக நிற்கிறது. நீரின் வேதியியலைக் கவனிப்பவர்களின் முக்கிய வேலைகளில் ஒன்று, இந்தச் சட்டை கிழியாமல் பார்த்துக்கொள்வது.

அதற்கு முதலில் நீரிலுள்ள ஆக்சிஜனை நீக்குகிறார்கள். ஹைட்ரசீன் என்ற சேர்மத்தை நீரில் கலந்தால், அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து நைட்ரஜனையும் தண்ணீரையும் மட்டுமே தரும். உப்பு எதுவும் மிஞ்சாது. அடுத்ததாக, அம்மோனியா போன்ற காரத்தைச் சேர்த்து நீரின் பிஎச் மதிப்பை 9க்கு மேல் வைத்திருப்பது வழக்கம். காரத்தன்மை கூடினால் மேக்னடைட் கரைவது குறையும். பிஎச் மதிப்பில் ஓர் எண் என்பது பத்து மடங்கு வேறுபாடு என்பதை மறந்துவிடாதீர்கள். 9 என்பதற்குப் பதில் 8 என்று எழுதுவது ஏட்டில் சின்னப் பிழையாகத் தெரியும். குழாய்க்கு அது சின்னப் பிழை அல்ல.

மூன்றாவதாக, நீரில் உப்பு சேராமல் பார்த்துக்கொள்கிறார்கள். கடல்நீர்க் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் குளோரைடு உள்ளே வந்துவிடும். நீர் கொதித்து ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. இடுக்குகளில் தங்கி நாளுக்கு நாள் அடர்த்தியாகி, உலோகத்தை அரிக்கத் தொடங்கும். அதனால்தான் அங்கே கலப்புகளைப் பில்லியனில் எத்தனை பங்கு என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஏறக்குறைய 2500 டன் தண்ணீர் இருக்கும். பில்லியனில் ஒரு பங்கு என்றால், அந்தக் குளம் முழுவதிலும் இரண்டரை கிராம். அரைத் தேக்கரண்டி உப்புகூடக் கிடையாது.

என் பெரியப்பா ஒரு செம்பனை ஆலையில் கொதிகலன் வேலை பார்த்தவர். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துச் சோதித்து, எண்களை நோட்டில் எழுதுவார். 'நேற்று எழுதிய அதே எண்ணை இன்றும் எழுதுகிறாரே, இதற்கு எதற்கு இத்தனை மெனக்கெடல்?' என்று சிறுவனாக இருந்தபோது நினைத்திருக்கிறேன். என் மாணவன் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

ஒரு தகட்டின் பின்னால்

இவ்வளவு கவனித்தும் மிஹாமாவின் குழாய் ஏன் பிளந்தது? வேதியியல் தேய்மானத்தை மெதுவாக்கும், முற்றாக நிறுத்திவிடாது. நீர் வேகமாகச் சுழித்து ஓடும் இடங்களில் கறுப்புப் படலம் கரைந்து போகும். அதை ஈடுகட்ட இரும்பு புதிய படலத்தை உருவாக்கும். அதுவும் கரையும். இப்படியே குழாயின் சுவர் உள்ளிருந்து மெலிந்துகொண்டு வரும். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. 140 பாகையை ஒட்டிய வெப்பத்தில் இந்தத் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும்.

பிளந்த இடத்துக்குச் சற்று முன்னால், நீரோட்டத்தை அளப்பதற்காக நடுவில் துளையிட்ட ஒரு தகட்டைக் குழாய்க்குள் பொருத்தியிருந்தார்கள். துளை வழியாகப் பீறிட்டு வந்த நீர் தகட்டின் பின்னால் சுழித்தது. தொடக்கத்தில் 10 மில்லிமீட்டர் தடிமனாக இருந்த சுவர், பிளந்த இடத்தில் 2 மில்லிமீட்டர்கூட இல்லாமல் மெலிந்திருந்தது.

ஒரு கணக்குப் போடுங்கள். ஏறக்குறைய 28 ஆண்டுகளில் 8 மில்லிமீட்டருக்கு மேல் போயிருக்கிறது. சராசரியாக ஆண்டுக்கு 0.3 மில்லிமீட்டர், அதாவது உங்கள் ஏட்டின் மூன்று தாள்களின் தடிமன். அந்தக் குழாய் பாதுகாப்பாக இருக்கக் குறைந்தது 4.7 மில்லிமீட்டர் தடிமன் தேவை. சீராகத் தேய்ந்ததாக வைத்துக்கொண்டால், 1990களின் நடுப்பகுதியிலேயே அந்த எல்லை தாண்டப்பட்டிருக்கும். மீயொலிக் கருவியைக் குழாயின் வெளிப்புறத்தில் வைத்தாலே சுவரின் தடிமன் தெரிந்துவிடும். குழாயை வெட்டவே தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்திருந்தால், எப்போது மாற்ற வேண்டும் என்பதை ஒரு வரைபடக் கோடு சொல்லியிருக்கும்.

அந்த இடத்தில் ஒருமுறைகூட அளக்கவில்லை. சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அது விடுபட்டிருந்தது. விடுபட்டது 2003இல் தெரியவந்தது. 2004 ஆகஸ்ட் நடுவில் தொடங்கவிருந்த பராமரிப்பின்போது அளந்துகொள்ளலாம் என்று வைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்பே குழாய் பிளந்துவிட்டது.

இந்த ஆபத்து அதுவரை யாரும் அறியாததும் அல்ல. 1986 டிசம்பர் 9இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள சர்ரி அணுமின் நிலையத்தில் இதேபோல் இரண்டாவது சுற்றின் குழாய் வளைவு ஒன்று மெலிந்து வெடித்து, நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, வளைவுகளுக்கும் துளைத்தகடுகளுக்கும் பின்னால் குழாய் அதிகம் தேயும் என்பதைப் பொறியாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆகவே, மிஹாமாவில் அறிவியல் தோற்றது என்று சொல்ல மாட்டேன். அறிவியல் சுட்டிக்காட்டிய ஓர் இடத்துக்குக் கருவியைக் கொண்டுபோகாததே பிழை.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை. பாங்கியில் 1982 முதல் ஓர் ஆய்வு உலை இயங்குகிறது. அது மின்சாரம் தயாரிப்பதற்கானது அல்ல. ஆனாலும் அணுமின்சாரம் நமக்கு வேண்டுமா என்ற பேச்சு மீண்டும் மீண்டும் எழுகிறது. நீங்கள் வாக்களிக்கும் வயதை எட்டும்போதும் அது எழலாம். ஆதரிப்பவர்கள் கரியமிலவாயுவைப் பற்றிப் பேசுகிறார்கள். எதிர்ப்பவர்கள் கதிரியக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டும் பேச வேண்டியவைதான். செர்னோபில்லையும் ஃபுகுஷிமாவையும் அறிந்தவர் யாரும் கதிரியக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

என் கருத்து என்னவென்றால், இன்னொரு கேள்வியையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டும். தினமும் தண்ணீரைச் சோதிப்பவர் யார்? அவருக்கு அதற்கு வேண்டிய நேரம் கொடுக்கப்படுகிறதா? எண் சரியில்லை என்று அவர் சொன்னால், வேலையை நிறுத்தும் துணிச்சல் மேலே இருப்பவர்களுக்கு உண்டா? பட்டியலில் விடுபட்டது என்ன என்று யாராவது தேடுகிறார்களா? இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் அணு உலை மட்டுமல்ல, சாதாரணக் கொதிகலனும் ஆபத்தானதே.

எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருக்க முடியுமா என்று ஒரு சக ஆசிரியர் என்னிடம் கேட்டார். முடியாதுதான். ஒரு நிலையத்தில் அளக்கக்கூடிய இடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எங்கே முதலில் அளக்க வேண்டும் என்று சொல்லத்தான் பாடப்புத்தக அறிவு தேவைப்படுகிறது. கரைதிறன், பிஎச் மதிப்பு, வெப்பநிலை, நீரோட்டத்தின் வேகம் ஆகியவற்றைத் தெரிந்தவருக்குக் குழாய் எங்கே மெலியும் என்று ஊகிக்கத் தெரியும். ஆனால் ஊகம் அளவாகிவிடாது. சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

என் மாணவனுக்குச் சொன்னதும் இதுதான். "முதல் அளவு, இப்போது என்ன நிலை என்று சொல்லும். இரண்டாவதும் மூன்றாவதும், அந்த முதல் அளவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும். நாள் கழித்து மறுபடி அளந்தால் என்ன மாறுகிறது என்பது தெரியும். அதே எண் வந்தால் வரட்டும். அளந்த பிறகு வந்த அதே எண்ணும், அளக்காமல் எழுதிய அதே எண்ணும் ஒன்றல்ல."

அவன் ஏட்டை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் மதிய இடைவேளையில் சோதனையை மறுபடியும் செய்தான். நான்கு கரைசல்களுக்கு ஏறக்குறைய அதே எண்கள் வந்தன. ஐந்தாவதில் மட்டும் மூன்று அளவுகளும் மூன்று விதமாக வந்தன. கருவியின் முனையைச் சரியாகக் கழுவாததே காரணம் என்று அவனே கண்டுபிடித்தான். முதல் நாள் அவன் எழுதியிருந்த அந்த ஐந்தாவது எண் தவறானது என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் இரண்டாவது அளவை எடுக்கச் சோம்பலாக இருந்தால், அந்த டர்பைன் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த பதினொரு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு கருவியின் முனையைக் கழுவிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள்.