விழப்போகிற பல்தானே?

"விழுந்து முளைக்கிற பல்லுதானே, அதுக்குப் போய் டாக்டரா?" இந்தப் பேச்சைக் கேட்காத தெரு நம் ஊரில் இல்லை. பாட்டி சொல்கிறார், அப்பா சொல்கிறார். இந்த ஒரு வார்த்தை நம் குழந்தைகளுக்குச் செய்யும் கேடு கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் தெரு அங்கன்வாடியில் நாலு வயதுப் பையன் ஒருவன். சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி, மெல்லாமல் ஊறவைத்து விழுங்குவான். சாப்பாட்டில் சண்டித்தனம் என்று வீட்டில் அடி. ஒருநாள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் ஈறோடு ஒட்டிய கறுப்புத் துண்டுகளாக இருந்தன. கீழே கடைவாய்ப் பல்லில் ஒரு குழி, அதற்குள் காலையில் தின்ற இட்லி. பிள்ளைக்கு வலி. அதைச் சொல்லத்தான் தெரியவில்லை.

முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால்பல் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டுமே! அதுவரை எதைக் கொண்டு மெல்லுவான்? சொத்தை வேருக்கு இறங்கிச் சீழ் கட்டினால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அது கெடுக்கலாம். காலத்துக்கு முன்பே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். அது ஆயுள் முழுக்க இருக்கவேண்டிய பல்.

சாக்லேட்டைப் பிடுங்கி வைக்கிற வீட்டில்தான் சர்க்கரை போட்ட பால்புட்டியை வாயில் வைத்துத் தூங்கவும் வைக்கிறோம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு. தங்கிய இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. பால்பல்லின் எனாமலோ மெலிசு, விடிய விடிய அரிபடுகிறது.

பல் டாக்டர் இருப்பது டவுனில். போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அப்படிப்பட்ட ஊருக்குத்தான் தடுப்பு முதலில் வேண்டும். முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃப்ளூரைடு பேஸ்ட், மூன்று வயது வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு. படுக்கும் முன் பெரியவர் கையால் தேய்த்துவிட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் பேஸ்டைப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சில்வர் டயமின் ஃப்ளூரைடு என்றொரு திரவ மருந்து இருக்கிறது. குடையவேண்டாம், ஊசி வேண்டாம். தடவினால் பெரும்பாலும் சொத்தை அங்கேயே நின்றுவிடும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய சொத்தை கறுத்துப்போகும் என்பதுதான் முக்கியக் குறை. விழப்போகிற பல்தானே என்று சொல்லத் தகுந்த ஒரே இடம் அதுதான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இருக்கவேண்டும் என்று நாம் கேட்கவேண்டும்.

இன்றிரவு உங்கள் குழந்தையின் மேலுதட்டை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈறோரத்தில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக்கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில் பல்லை இன்னும் மீட்கலாம்.