உடம்பா? பிடியா?

ஒருவர் நல்ல பருமன். இன்னொருவர் ஒல்லி. இருவரும் மேஜைமேல் முழங்கையை ஊன்றி, கையோடு கை பிடிக்கிறார்கள். யார் வெல்வார்?

"இது ஒரு கேள்வியா? பருமனானவர்தான் வெல்வார்!" என்று சொல்லத் தோன்றும்.

பல சமயம் அது சரி. ஆனால், எப்போதும் சரி அல்ல!

இந்தப் போட்டிக்கு "கை மல்யுத்தம்" என்று பெயர். எதிரியின் கையைச் சாய்த்துவிட்டால் வெற்றி. சில வினாடிகளில் ஆட்டம் முடிந்துவிடும்.

இதில் உடம்பு வேண்டும், எடையும் வேண்டும். ஆனால் அந்தப் பலம் எல்லாம் கை வழியாகத்தான் எதிரியிடம் போய்ச் சேர வேண்டும். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வராது. உடம்பு தொட்டி. கை குழாய்!

கதவைத் தள்ளிப் பாருங்கள்

உங்கள் வீட்டுக் கதவை, கீல் பக்கம் கையை வைத்துத் தள்ளுங்கள். கஷ்டமாக இருக்கும். விளிம்பில் கையை வைத்துத் தள்ளுங்கள். ஒரு குழந்தைகூடத் தள்ளிவிடும்.

கை மல்யுத்தத்திலும் இதுவே ரகசியம். முழங்கைதான் கீல். எதிரியின் கையை மேலே, விரல்களுக்குப் பக்கத்தில் பிடித்து, தன் பக்கம் இழுக்கிறான் கெட்டிக்காரன். எதிரியின் விரல்கள் விரிகின்றன. மணிக்கட்டு பின்னால் மடங்குகிறது. மணிக்கட்டு மடங்கியபின், புஜம் எவ்வளவு பருத்திருந்தும் பயன் இல்லை.

இன்னொரு முறையும் உண்டு. தன் மணிக்கட்டை உள்பக்கமாக வளைத்து, கொக்கி போல் எதிரியின் கையை மாட்டி இழுப்பது. இதற்கும் மணிக்கட்டு உறுதி வேண்டும்.

கட்டைவிரல் இல்லாத நாய்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெட்டலூமா என்று ஓர் ஊர். இந்தப் போட்டிக்குப் பேர்போன ஊர். சார்லஸ் ஷூல்ஸ் என்ற சித்திரக்காரர், 1968ம் ஆண்டு, தன் சித்திரக் கதையில் வரும் "ஸ்னூப்பி" என்ற நாயை அந்தப் போட்டிக்கு அனுப்பினார். பாவம், நாயைச் சேர்க்கவில்லை. காரணம்? அதற்குக் கட்டைவிரல் இல்லை!

சிரிப்புக் கதைதான். ஆனால் உண்மை அதில் இருக்கிறது. பிடி இல்லாதவனுக்கு இந்த மேஜையில் இடம் இல்லை.

ஜெர்மனியில் மத்தியாஸ் ஷ்லிட்டே என்று ஒரு வீரர். மெலிந்த உடம்பு. ஆனால் முழங்கைக்குக் கீழே அவருடைய வலது கை, பிறவியிலேயே இடது கையைவிட மிகப் பெரியது. அந்தக் கையால் பல போட்டிகளில் வென்றார். அவருக்குத் தொட்டி சிறிது, குழாய் பெரிது!

இருவருக்கும் யுக்தி தெரிந்தால்?

அப்போது எடைதான் பேசும்.

ஜார்ஜியா நாட்டு வீரர் லெவன் சாகினாஷ்விலி. எடை ஏறக்குறைய 180 கிலோ! 2022ம் ஆண்டு துபாயில், கனடா நாட்டின் டெவன் லாரட்டுடன் மோதினார். லாரட் சாமானியர் அல்ல. யுக்திக்குப் பெயர் பெற்றவர். நல்ல உயரம், நல்ல கட்டு. ஆனாலும் எடையில் குறைந்தவர். ஆறு சுற்று நடந்தது. ஆறிலும் சாகினாஷ்விலியே வென்றார்.

பெரிய போட்டிகளில் வீரர்களை எடைவாரியாகப் பிரிப்பது இதனால்தான். எடை முக்கியம் இல்லை என்றால், தராசு எதற்கு?

வீட்டில் நடப்பது என்ன?

வேடிக்கை பார்ப்பதற்காக, ஒல்லிப் பையனைப் பெரிய ஆளோடு உட்கார வைக்கிறார்கள். பையன் தோற்கிறான். "நோஞ்சான்" என்று சிரிக்கிறார்கள். அவன் மானத்துக்குப் பயந்து, மறுபடியும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்கிறான்.

இது தவறு. அவமானம் மட்டும் அல்ல; ஆபத்தும் இருக்கிறது.

தோற்கப்போகிறவன் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்கிறான். உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் ஆகிறது. அப்போது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள எலும்பு முறுக்கிக்கொண்டு "படீர்" என்று முறியலாம். 14, 15 வயதுப் பையன்களுக்கு முழங்கையின் உள்பக்கத்தில் எலும்பு வளரும் இடம் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. பலமாக இழுத்தால் அந்த இடத்தில் எலும்பு பிய்ந்துபோகலாம்.

ஆகவே பெரியவர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். ஏறக்குறைய ஒரே எடையும் ஒரே வயதும் உள்ளவர்களையே உட்கார வையுங்கள். "கண்ணைக் கையைவிட்டு எடுக்காதே, உடம்பும் கைப் பக்கமே இருக்கட்டும்" என்று முதலில் சொல்லிக் கொடுங்கள். கை சாயத் தொடங்கினால் விட்டுக்கொடுக்கப் பழக்குங்கள்.

ஒல்லிப் பிள்ளைகளே, வருத்தம் வேண்டாம். எடை ஒரு நாளில் ஏறாது. ஆனால் பிடி பழகப் பழக ஏறும். ஈரத்துணியைப் பிழியுங்கள். வாளியைத் தூக்குங்கள். வீட்டு வேலையும் நடக்கும். கையும் உரம் பெறும்.

ஆளின் பருமனைப் பார்த்து ஏளனம் செய்யாதீர்கள். பிடியைப் பார்த்து மதியுங்கள். போட்டி வைக்கும்போது மட்டும் தராசை மறக்காதீர்கள்!