பட்டியலைக் கீழிருந்து படியுங்கள்

மூவாயிரம் வெள்ளி. அம்மா கட்டிய சீட்டில் வந்தது பாதி, வார இறுதியில் மினி மார்க்கெட்டில் வேலை செய்து சேர்த்தது மீதி. சுவா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தம்பி ஒருவர், கேமிங் கணினி பொருத்துவதற்கான பாகங்களின் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தார். “அண்ணே, சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க” என்று ஒரே வரி.

பட்டியல் மோசமில்லை. பாதிப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போயிருந்தது. கேம் விளையாடுபவருக்கு அதுதான் முறை. என் கண் போய் நின்றது கடைசி வரியில்: கேசிங்குடன் இலவசமாக வரும் ‘500 வாட்’ பவர் சப்ளை.

யூடியூப்பில் பார்க்கும் பட்டியல்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் போட்டவை. தோட்டத்து வீடு வேறு. தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் இரண்டு மணிக்கு அறையே அடுப்பு. உலகில் இடி மின்னல் மிக அதிகமாக உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. மேற்குக் கரையில் ஏப்ரல், மே, மறுபடி அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் மாலையில் வானம் முழங்காத நாள் குறைவு. அதனால் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொன்னேன்.

பவர் சப்ளை வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த வாட் கணக்கை நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். அங்கே 25 ஆம்பியர் என்றிருந்தால் 25-ஐ 12-ஆல் பெருக்குங்கள்: 300 வாட். மேலே 500 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கேமுக்கு உதவப்போவது இந்த முந்நூறுதான். மலிவு சாமானில் இன்னொரு சிக்கல், பாதுகாப்புச் சுற்றுகளைக் குறைத்திருப்பார்கள். அது தனியாகச் சாகாது. மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போகும்.

தம்பி தேர்ந்தெடுத்த ரைசன் 5 5600 பிராசசரின் கணக்கு 65 வாட். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட். விசிறி, டிஸ்க் எல்லாம் சேர்த்தாலும் 250 வாட்டைச் சுற்றியே நிற்கும். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை உள்ள, பெயர் தெரிந்த ஒரு 550 வாட் தாராளம். கடையில் 850 வேண்டும் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். குறைவாகக் குடிக்கும் பாகங்கள் மின்கட்டணத்துக்கு மட்டும் நல்லதல்ல. கணினி குடிக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகி அந்தத் தகரக் கூரை அறைக்குள்தான் வருகிறது.

கேசிங்கிலும் இதே கணக்குத்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு வண்ண விளக்கு என்பது படம் எடுக்க அழகு. காற்று எங்கே நுழையும்? முன்பக்கம் வலையாக இருக்கட்டும், தூசி வடிகட்டி கழற்றிக் கழுவும்படி இருக்கட்டும். செம்மண் பாதையில் லாரி ஓடும் இடத்தில் மாதம் ஒருமுறையாவது அதைக் கழுவ வேண்டியிருக்கும்.

“ஆன்லைனில் ஆர்.எக்ஸ். 580 பாதி விலைக்கும் கீழே கிடைக்குதே அண்ணே” என்று அடுத்த கேள்வி வந்தது. கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் முறை நின்றுபோனது. அதுவரை இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றைத் துடைத்து, புது விசிறி மாட்டி, புதுசு போலவே விற்கிறார்கள். விளம்பரத்தில் ‘2048எஸ்பி’ என்றிருந்தால் அது இன்னும் கீழே. அசல் 580-இல் கணக்கிடும் அலகுகள் 2,304. இதில் 2,048 மட்டுமே. பெயர் ஒன்று, வேகம் வேறு. மின்சாரமோ 4060-ஐவிட மிக அதிகம். சீட்டுப் பணத்தில் வாங்கும் பொருளுக்கு உள்நாட்டு வாரண்டி வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ரேம் விலையைக் கேட்டுப் பலரும் அதிர்ந்து எழுதுகிறார்கள். ஏ.ஐ. தரவு மையங்கள் சிப்புகளை அள்ளுவதால் 2025 கடைசியில் ஏறிய விலை அது. ஜொகூரில் வரிசையாக எழும் கட்டடங்களும் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பவைதான். இந்த நிலையில் 32 ஜிபிக்கு ஆசைப்பட வேண்டாம். 16 போதும்; ஆனால் ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கினால் வேகம் கூடும். டி.டி.ஆர்.5 கேட்கும் புதிய ஏ.எம்.5 பலகைக்குப் போகலாமா என்றால், பணம் இருப்பவர் போகலாம். மூவாயிரத்துக்குள் நிற்பவருக்கு ஏ.எம்.4 கௌரவமான இடம்தான்.

எஸ்.எஸ்.டி. பற்றிச் சொல்ல அதிகமில்லை, 1 டிபி வாங்குங்கள். ஒரு செய்தி மட்டும்: பல எஸ்.எஸ்.டி.களின் மூளையாக இருக்கும் கண்ட்ரோலர் சிப்பைச் செய்யும் தைவானின் பைசன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான புவா கெயின் செங், நம் சிகிஞ்சானில் பிறந்தவர். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் தொடங்கியது பினாங்கில். சொன்னதும் தம்பிக்கு ஆச்சரியம். விலை மட்டும் ஏன் டாலரோடு ஓடுகிறது என்றார். நியாயமான கேள்வி!

சம்பளத்துக்குச் சம்பளம் ஒவ்வொரு பாகமாக வாங்கி அடுக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. பெட்டி பிரிக்காமல் கிடக்கும்போதே வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும், பழுதிருந்தாலும் தெரியாது. பணம் சேரும்வரை பொறுத்திருந்து, சிரம்பானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மோனோரயிலுக்கு மாறி, இம்பியில் இறங்கினால் லோயாட் பிளாசா பக்கம்தான். ஒரே நாளில் எல்லாம் வாங்கி, அங்கேயே பொருத்தச் சொல்லி, ஒரு கேமைக் கண்முன்னே ஓட்டிப் பார்த்து, ரசீதுகளைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரிசியனைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டிய சர்ஜ் புரொடெக்டர் பாதி வேலைகூடச் செய்யாது. இடி முழங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவுங்கள். மோடத்திலிருந்து வரும் லேன் கம்பியையும்தான். ஃபைபர் இணையம் என்றாலும் மோடம் மின்சாரத்தில்தான் ஓடுகிறது, அந்த வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.