பெரிய சட்டையும் சிறிய தையலும்

நெசவாளர் சங்கங்களில் சரக்கிருப்பைச் சரிபார்க்கும்பொழுது நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. நல்ல கைத்தறித் துணியில் தைத்த ஆயத்தச் சட்டைகள், 'அளவு பெரிது' என்ற ஒரே காரணத்தால் அலமாரியில் தேங்கிக் கிடக்கின்றன. சரக்குத் தேங்கினால் பணம் முடங்கும்; நூல் வாங்க வழியின்றித் தறியும் ஓயும்.

சரியான அளவிலேயே தைக்கலாகாதா என அங்கத்தினர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆயினும் தைத்துவிட்ட சட்டையை என் செய்வது? வீட்டிலேயே திருத்திக்கொள்ளலாம்.

முதலில் சட்டையை நனைத்து உலர்த்துக. பருத்தித் துணி முதற் சலவையில் சுருங்கும் இயல்புடையது. பின்னர் உட்புறம் வெளியே தெரியுமாறு அணிந்து, மிகுதியை இருபக்கமும் சமமாகக் குண்டூசியால் குறிக்க வேண்டும். மார்புச் சுற்றளவு 4 அங்குலம் மிகையாயின், ஒவ்வொரு பக்கத் தையலையும் 1 அங்குலம் உள்ளே தள்ளினாற் போதும். முன்துணியும் பின்துணியும் சேர்ந்து பக்கத்திற்கு 2 அங்குலம் குறையும். கையால் நூலோட்டி அணிந்து, கைகளைத் தாராளமாக உயர்த்த முடிகிறதெனக் கண்ட பின்னரே இயந்திரத்தில் தைக்க வேண்டும். மிகுதித் துணியை வெட்டாதீர்கள். உடல் பருத்தால் பிரித்துவிடலாம். தோள் தையல் இறங்கி நின்றால் மட்டும் தையற்காரரை நாடுக. சட்டைக் கையைப் பிரித்துத் தைக்கும் வேலை அது.

ஒவ்வொரு சங்கமும் தன் விற்பனை நிலையத்தில் ஒரு தையல் இயந்திரம் வைத்து, தையலறிந்த அங்கத்தினர் குடும்பப் பெண்களுக்குக் கூலியளித்து இப்பணியைச் செய்விக்கலாம் என்பது என் கருத்து. நாம் விளைவித்த பருத்தியை, நாம் நெய்த துணியை நாமே ஒதுக்கினால், பிறர் வாங்குவரென எதிர்பார்ப்பது எங்ஙனம்?