கைக்கேற்ற தவிற்கழி

தவில் பயிலும் பிள்ளைக்கு எத்தகைய கழி வாங்குவது எனப் பெற்றோர் சிலர் நம்மிடம் வினவியுள்ளனர்.

தவிலின் வலந்தலையைக் கூடணிந்த விரல்களும், தொப்பியைக் கழியும் முழக்கும். இடக்கைப் பழக்கமுடையார்க்கு இது மாறும். கழிக்குப் பூவரசமரமே சிறந்தது. வெடிப்பும் கணுவும் ஆகா. முனை கூராயிருப்பின் தோல் பழுதாகும். இவற்றை யாவரும் அறிவர்.

அறியாதது பருமனே. பருத்த கழியே பேரொலி தருமென்றெண்ணிப் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் வித்துவானின் கழியைக் கொடுப்பாருளர். இது கொடுமை என்போம். நாதம் பிறப்பது பாரத்தாலன்று. அடித்த கழி உடனே துள்ளியெழுவதால். தோலில் அழுந்தி நிற்கும் கழி நாதத்தை அடைத்துவிடும். மணிக்கட்டு செய்யவேண்டிய வேலையைத் தோள் செய்யும். நாளடைவில் கை நோவும். உருக்கு வளையமும் திருகாணியும் பூட்டிய இக்காலத் தவிலிலோ தோலை நன்கு இறுக்கலாம். பாரமான கழிக்குத் தேவை இன்னும் குறைவு.

வீதியுலாவில் வாசிப்போர் சற்றுப் பாரமானதை நாடுதல் வேறு. அவர்கள் கை முதிர்ந்த கை. 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். எத்துணை விரைவிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிந்து நிற்கும்.

கடையிலேயே பிள்ளையை ஒரே சொல்லை மூன்று காலத்திலும் வாசிக்கச் செய்யுங்கள். மூன்றாங் காலத்தில் பிடி இறுகினால் அக்கழியை வைத்துவிட்டு, அதனினும் மெல்லியதைக் கேளுங்கள்.